ஆடிக்கூழும் எங்கள் பெரியையாவும்

சில வருடங்களுக்கு முன்னர், ஆடிப்பிறப்பு விழா ஒன்றிற்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வெள்ளவத்தையில், குளிரூட்டப்பட்ட ஒரு மண்டபம். மங்கல விளக்கேற்றினார்கள். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைச் சிறுமியர் மூவர் இனிமையாகப் பாடினார்கள். ஆடிப்பிறப்பின் சிறப்பைப் பற்றி அறிஞர் இருவர் பேசினார்கள். இரண்டாமவர் முதலாமவர் சொல்ல மறந்தவற்றை எல்லாம் சொன்னார். எல்லாம் முடிந்தபின், இருமல் மருந்து அளந்து கொடுக்கும் அளவிலே, சிறியதொரு கடதாசிக் கிண்ணத்தில் கூழ் தந்தார்கள். கூழ் நன்றாகவே இருந்தது. ஆகையால் இன்னொரு கிண்ணம் கேட்டேன். "ஆளுக்கு ஒன்றுதான் ஐயா, கணக்குப்படி வந்திருக்கிறது" என்றார் ஓர் இளைஞர், மிகுந்த பணிவோடு.

அவரை நான் குறை கூறவில்லை. ஆயினும் எங்கள் பெரியையா அவ்விடத்தில் இருந்திருப்பாராயின், சட்டைப்பையிலிருந்து சிவப்புக் கொடியை எடுத்து அவ்விழாவை அங்கேயே நிறுத்தியிருப்பார். இது மிகைக் கூற்றன்று. அவரிடம் சிவப்புக் கொடி உண்மையாகவே இருந்தது.

மலராசிரியர் நம் கல்லூரி நாட்களைப் பற்றி ஏதேனும் எழுதுமாறு கேட்டபோது, ஆசிரியர்களையும் ஆட்டக்காரர்களையும் பற்றி என்னிலும் நன்கு அறிந்தோர் எழுதுவார்கள் என்று எண்ணி, கூழைப் பற்றி எழுதத் துணிந்தேன். அன்பர்கள் பொறுத்தருள்க. அக்கூழைக் குடித்தே நான் கல்லூரிக்கு வந்தவன்.

பெரியையா புகையிரதப் பகுதியில் முப்பது வருடங்களுக்கு மேலாக இலிகிதராய்க் கடமையாற்றியவர். மருதானையில் அலுவலகம், நடந்து செல்லும் தூரத்தில், மாளிகாவத்தையில் ஓர் ஒழுங்கையிலே வாடகை வீடு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர் கூடிக் குடியிருந்த அக்காலத்தில், இவர் மட்டும் ஏன் அங்கே சென்று தங்கினார் என்று உறவினர் வியந்தார்கள். "புகையிரதப் பகுதியில் வேலை செய்பவன் வேலைக்குப் போகப் பஸ்ஸுக்குக் காசு கொடுப்பது துரோகம்" என்பது அவர் சொன்ன காரணம். ஊரிலிருந்து படிக்க அனுப்பப்பட்ட நான் 1961ஆம் ஆண்டு தொடக்கம் அவ்வீட்டிலே தங்கி, அத்துரோகத்தை நாள்தோறும் இரு முறை செய்து, பம்பலப்பிட்டிக்கு வந்து போனேன்.

இன்று மாளிகாவத்தை என்றால், 1986இல் திறந்த கெத்தாராமைத் துடுப்பாட்ட மைதானமே பலருக்கும் நினைவில் வரும். நான் அறிந்த நாளில் அவ்விடம் சதுப்பு நிலம். இரவிலே தவளைகள் கத்தும்; விடியலிலே பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி கேட்கும்; புகையிரதப் பெட்டிகளை இணைக்கும் ஓசைக்கு நேரம் காலம் இல்லை. ஒழுங்கையில் எங்கள் வீட்டைத் தவிர ஏனையவை முஸ்லிம்களுடையவை, எதிர்வீட்டார் மலாயர்.

பெரியையா வீட்டை நடத்திய முறை நிலையம் ஒன்றை நடத்துவது போன்றது. சுவரில் நேர அட்டவணை தொங்கும். குளிக்கும் நேரம் எனக்குக் காலை 5.40, பிந்தினால் எவ்வளவு நிமிடம், என்ன காரணம் என்று கொப்பியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். "தண்ணீர் குளிர்ந்தது" என்று நான் ஒருமுறை காரணம் எழுத, "இது வானிலை, காரணம் அன்று" என்று சிவப்பு மையினால் அதன்கீழ் எழுதியிருந்தார். பெரியம்மா மட்டும் அட்டவணைக்கு அப்பாற்பட்டவர். அவர் சமைக்கும் நேரமே உணவு நேரம். அதற்கேற்ப அட்டவணை மறுநாள் இரகசியமாகத் திருத்தப்பட்டிருக்கும்.

வருடத்தில் ஒரு நாள், ஆடி முதலாந் திகதி, இந்நிலையம் தன் முழு வலிமையையும் காட்டும்.

ஆயத்தங்கள் ஒரு மாதம் முன்னரே தொடங்கும். கூழுக்குப் பனங்கட்டி வேண்டும். கித்துள் கருப்பட்டி கொழும்பிலே தாராளமாகக் கிடைக்கும். அது நல்ல பொருள்தான், அதன் பெருமையைப் பின்னர் சொல்வேன். ஆனால் கருப்பநீரைக் காய்ச்சி இறுக்கிப் பனையோலைக் குட்டானில் வார்த்த பனங்கட்டிக்கு ஒரு புகை மணமும், இனிப்பின் அடியிலே மெல்லிய கரகரப்பும் உண்டு. கூழுக்கு அதுவே உயிர். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி எங்கள் வீட்டைப் பொறுத்தவரையில் பனங்கட்டி கொண்டுவருவதற்காக ஓடிய வண்டி. பொதிக்கான கட்டணத்தைப் பெரியையா ஒரு சதமும் குறையாமற் செலுத்துவார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தாமும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பார்.

அவர் நிறுத்துப் பார்த்த தராசைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழுதடைந்தது என்று கழிக்கப்பட்டு ஏலத்துக்கு வந்த, பொதிகள் நிறுக்கும் இரும்பு மேடைத்தராசு அது. ஏழு ரூபாவுக்கு வாங்கி, நான்கு பேரைக்கொண்டு தூக்குவித்து, விறாந்தையில் வைத்தார். எதை வைத்தாலும் இரண்டு இறாத்தல் கூட்டிக் காட்டும். அதனால் என்ன என்பார். அது எப்போதும் கூட்டியே காட்டுவதால் நேர்மையான தராசு என்பார். ஆடிப்பிறப்பன்று வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும், எம்மதத்துப் பிள்ளையாயினும், கூழ் குடிக்குமுன் அத்தராசில் ஏற வேண்டும். கூழ் குடித்தபின் மறுபடியும் ஏற வேண்டும். அரை இறாத்தலாவது கூடியிருக்க வேண்டும். கூடாவிட்டால், "இந்த வீட்டுக்கு வந்து பட்டினியாய்ப் போனான் என்று சொல்லப்போகிறாயா, தம்பி?" என்று கேட்டு, மீண்டும் கிடாரத்தடிக்கு அனுப்புவார். என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் முதல் நிறுவையின் பின் சட்டைப்பையில் கல் ஒன்றை வைத்துக்கொண்டு ஏறினான். ஒன்றரை இறாத்தல் கூடியிருந்தது. பெரியையா மகிழ்ச்சி மேலிட்டு அவனைத் தழுவியபோது, கல் அவர் காலிலே விழுந்தது. அதன்பின் இரண்டாம் நிறுவை சட்டையின்றி நடைபெற்றது.

கூழ் காய்ச்சுவது பின்வளவில், மூன்று கல் வைத்து, விறகடுப்பில். பெரியம்மா முதல்நாளே பச்சையரிசியை ஊறவைத்து இடிப்பித்து, மாவை அரித்து வறுத்து வைத்திருப்பார். பயறு வறுத்துக் குற்றித் தோல் நீக்கப்பட்டிருக்கும். தேங்காய் இருபது, சிலவற்றைச் சொட்டுச் சொட்டாய் அரிந்து, மற்றவற்றைத் துருவிப் பால் பிழிவார்கள். முதற்பால் வேறு, இரண்டாம் பால் வேறு. கிடாரத்தில் பயறும் சொட்டும் வெந்ததும், குழைத்து உருட்டிய சின்னஞ்சிறு மாவுருண்டைகளைப் போட்டு, இரண்டாம் பாலிலே கரைத்த மாவை ஊற்றித் துழாவ வேண்டும். பனங்கட்டியைக் கரைத்து, மண் போக வடித்து விட வேண்டும். மிளகு, சீரகம், ஏலம் பொடித்துப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் இட்டு, கடைசியிலே முதற்பால் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் கொதிக்க விட்டால் பால் திரைந்துவிடும்.

முதற்பால் விடும் இக்கணத்துக்காகவே பெரியையா பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாகக் காத்திருப்பார். ஊதுகுழலை ஒருமுறை ஊதிப் பச்சைக் கொடியை அசைத்தால் பால் ஊற்றலாம்; சிவப்புக் கொடி காட்டினால் விறகை இழுக்க வேண்டும். கொடியைப் பெரியம்மா ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்ததை நான் காணவில்லை. அவர் பாலை ஊற்றுவதைக் கண்டபின்னரே பெரியையா பச்சைக் கொடியை அசைப்பார். பல வருடம் கழித்தே இந்த ஒழுங்கை நான் கண்டுகொண்டேன்.

அகப்பையும் கரண்டியும் கூழுக்கு ஆகா என்பது இன்னொரு விதி. பிலாவிலையைக் கோலி, ஈர்க்கினாற் குத்தி, அதிலே அள்ளிக் குடிக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்த மேலதிகாரி ஒருவருக்கும் அவ்வாறே இலையைக் கொடுத்தார். ஈர்க்கு நழுவி, கூழ் அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் வழிந்தது. பெரியையா கலங்கவில்லை. "ஐயா இப்பொழுது தராசில் ஏறலாம், அதுவும் நிறுவையில் சேரும்" என்றார். அவ்வருடத்துச் சம்பள உயர்வு வழக்கம்போல் வந்தது என்பதையும் அவ்வதிகாரியின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் குறிப்பிட வேண்டும்.

அக்கிடாரத்துக் கூழில் எங்கள் வீட்டாருக்கு உரியது பத்தில் ஒரு பங்கும் இராது. மிகுதி ஒழுங்கை முழுவதற்கும் போகும். பித்தளைத் தூக்குவாளி ஒன்றும், மூடியுள்ள பாத்திரங்கள் வேறு பலவும் வரிசையாக வைத்து ஊற்றப்படும். சுமந்துசெல்லும் பணி என்னுடையது. கூழிலே இறைச்சி இல்லை, முட்டை இல்லை, எந்த மதத்தாரும் உண்ணத் தகாத எதுவும் இல்லை. அரிசி, பயறு, தேங்காய், பனங்கட்டி. இதனை யாவருக்கும் கொடுக்கலாம் என்பதற்காகவே நம் முன்னோர் இப்படி அமைத்தார்கள் என்று பெரியையா சொல்வார். முன்னோரின் கருத்தை அவர் எங்ஙனம் அறிந்தார் என்று கேட்பதற்கு எனக்குத் துணிவு இருக்கவில்லை.

பக்கத்துவீட்டு மூத்தம்மாவுக்கும் பெரியையாவுக்கும் இடையே ஒரு கணக்கு இருந்தது. எங்கள் பாத்திரம் அவர்கள் வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பாது. அவர்களுடையது எங்கள் வீட்டிலிருந்து வெறுமையாகப் போகாது. நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டில் வட்டிலப்பம் அவிப்பார்கள். கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஏலமும் முட்டையும் சேர்ந்த அப்பண்டத்தின் மணம் மதிலைத் தாண்டி வரும்போது, பெரியையா தம் நாற்காலியை மதிலோரம் நகர்த்திப் போடுவார். "மணத்திலே முட்டை இல்லை" என்பது அவர் கண்ட சித்தாந்தம். சைவரான அவர் அதனை வாயில் வைக்க மாட்டார் என்பது மூத்தம்மாவுக்குத் தெரியும். ஆகவே அவர் எங்களுக்கென்று தனியாக, முட்டை போடாமல் ஒரு வட்டிலப்பம் செய்வார்.

முட்டை இன்றி வட்டிலப்பம் எப்படி உறையும்? அது உறையவில்லை. வருடா வருடம் பீங்கான் கோப்பையிலே தளும்பத் தளும்ப வந்து சேரும். "இந்த முறையும் உறைய இல்லை ஐயா" என்று மூத்தம்மா மதிலுக்கு அப்பால் நின்று வருந்துவார். பெரியையாவோ அதனைப் பிலாவிலையால் அள்ளிக் குடித்துவிட்டு, "முட்டையை எடுத்துவிட்டால் வட்டிலப்பமும் கூழ்தான். நாங்கள் சொந்தக்காரர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?" என்பார். தேங்காய்ப்பால் இரண்டிலும் உண்டு. ஏலம் இரண்டிலும் உண்டு. ஒன்றில் பனை, மற்றதில் கித்துள். இரண்டும் ஒரே குலத்து மரங்கள். அவர் சொன்னது தாவரவியலுக்கும் பொருந்தும் என்பதை நம் கல்லூரி வகுப்பறையிலேதான் பின்னர் அறிந்தேன்.

1983ஆம் ஆண்டு யூலை இரண்டாம் வாரத்தில் நோன்புப் பெருநாள் வந்தது; அடுத்த சில நாட்களில் ஆடிப்பிறப்பு. பீங்கான் கோப்பை தளும்பி வந்தது. எங்கள் தூக்குவாளி கூழோடு போனது. 24ஆந் திகதி இரவு பொறளையிற் பற்றிய தீ மறுநாள் நகரெங்கும் பரவியது. மதிலுக்கு மேலாக ஏணி சாத்தி, எங்களை அவர்கள் வீட்டுக்குள் எடுத்தவர் மூத்தம்மாவின் மகன். பெரியையா அப்போது ஓய்வு பெற்றிருந்தார். இரண்டு இரவுகள் அவ்வீட்டு உள்ளறையில் இருந்தோம். பின்னர் நம் கல்லூரிக்கு வந்து சேர்ந்தோம். அது அகதி முகாமாகியிருந்தது. நான் இருந்து படித்த வகுப்பறையின் தரையிலே, பெரியையாவுக்கு ஒரு பாயை விரித்துக் கொடுத்தேன். வீட்டை உடைத்துச் சாமான்களைக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற செய்தி அங்கேதான் வந்தது. தராசையும் கொண்டுபோனார்களா என்று கேட்டார். ஆம் என்றார்கள். "இரண்டு இறாத்தல் கூட்டிக் காட்டும் என்று யாராவது சொல்லிவிட வேண்டும்" என்றார். சிறிது நேரம் சென்று, "தூக்குவாளி அவர்களிடத்தில் நிற்கிறது" என்றார். அதிலே ஓர் ஆறுதல் தொனித்தது.

கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனோம். நான் ஊரிலேயே ஆசிரியத் தொழிலில் அமர்ந்தேன். பெரியையா ஒவ்வோர் ஆடிக்கும் கூழ் காய்ச்சினார். புதுத் தராசு இல்லை, கொடிகள் இருந்தன. 1990 யூனில் யாழ்தேவி நின்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். கையில் எடுக்கக்கூடியதையும் எடுக்க விடவில்லை. அச்செய்தியைக் கேட்ட பெரியையா ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஆடிப்பிறப்பன்று பெரியம்மா மாவை வறுத்து வைத்திருந்தார். "வேண்டாம்" என்றார் பெரியையா. "வீட்டுக்கு மட்டுமாவது கொஞ்சம் காய்ச்சுவோம்" என்றேன் நான். "வீட்டுக்கு மட்டும் காய்ச்சினால் அது கூழ் அன்று, கஞ்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்கடுத்த ஆண்டு காலமானார்.

அந்த மண்டபத்தில், கடதாசிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது இதனைத்தான். ஆடிக்கூழை நாம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று விழாவிலே பேசிய இருவரும் சொன்னார்கள். நாம் காப்பாற்றியது கூழின் சுவையை, கூழை அன்று. மா முதல் மிளகு வரை சேர்த்துப் பொதி செய்து கடையில் விற்கிறார்கள். நால்வர் உள்ள வீட்டுக்கு நால்வருக்கு அளவாகக் காய்ச்சலாம். மிகுதி வராது. மிகுதி வராதபடியால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய அவசியமும் வராது. நம்மவர் மண்டபத்திலே கூடி, நம்மவர்க்கு நம்மவர் பெருமையை எடுத்துரைத்து, நம்மவர் மட்டும் குடித்துவிட்டுக் கலைகிறோம். வாயிலில் நின்ற காவலாளி ஒரு சிங்களவர். அவருக்கு ஒரு கிண்ணம் கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், கணக்குப்படி வந்ததாயிற்றே.

மாடிவீட்டிலே கிடாரம் வைத்து விறகெரிக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. சலரோகக்காரர் எப்படி அரை இறாத்தல் குடிப்பது என்று கேட்பார்கள். குடிக்க வேண்டாம், நானும் அவ்வகுப்பில் சேர்ந்தவனே. சமய ஆசாரத்தை ஏன் பிறர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் ஒருவர் கேட்டார். சூரியன் தென்திசை நோக்கித் திரும்பும் நாள் என்று கொண்டாடுகிறோம். அச்சூரியன் கொட்டாஞ்சேனையிலும் மாளிகாவத்தையிலும் வேறு வேறாகத் திரும்புவதில்லை. நம் கல்லூரிக்கு மைதானம் இருக்கிறது. பழைய மாணவர் சங்கத்திடம் கிடாரம் வாங்கப் பணம் இருக்கிறது. பனங்கட்டி குட்டானாகவே வடக்கிலிருந்து தருவிக்கலாம். 2014 தொடக்கம் யாழ்ப்பாணத்துக்கு மறுபடியும் புகையிரதம் ஓடியிருக்கிறது. ஆடி முதலாந் திகதி மைதானத்திலே காய்ச்சுவோம். வருகின்ற ஒவ்வொருவரும் இரண்டு பாத்திரம் கொண்டுவரட்டும்: ஒன்று தம் வீட்டுக்கு, மற்றது தம் சமூகத்தைச் சேராத ஓர் அயலவர் வீட்டுக்கு. சொற்பொழிவு வேண்டுமாயின், பால் திரையாத வண்ணம் சுருக்கமாக இருக்கட்டும்.

1996இல் நான் கொழும்புக்கு வந்தபோது மாளிகாவத்தைக்குப் போனேன். ஒழுங்கையின் முகம் மாறியிருந்தது. மூத்தம்மா காலமாகிவிட்டார். அவருடைய மகள் குடும்பத்தோடு மாடிவீட்டுத் தொகுதியில் இருக்கிறார் என்று கடைக்காரர் ஒருவர் வழி சொன்னார். கதவைத் திறந்த அம்மையார் என்னைச் சற்று நேரம் பார்த்து, "கூழ் கொண்டுவாற தம்பி" என்றார். எனக்கு அப்போது நாற்பதைக் கடந்து சில வருடங்கள். தேநீர் தந்தார். பெரியையாவைக் கேட்டார், சொன்னேன். தூக்குவாளியைப் பற்றி நான் கேட்கவில்லை. பாத்திரத்தைக் கேட்டு வாங்குவது கணக்கை முடிப்பதாகும் என்று பெரியையா சொல்வதுண்டு. அவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அடுத்த நோன்புப் பெருநாளன்று அவருடைய மகன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையிலே தூக்குவாளி, புளி போட்டுத் துலக்கிப் பொன்போல் இருந்தது. "முட்டை போட இல்லை என்று உம்மா சொல்லச் சொன்னா. கடற்பாசி போட்டிருக்கு" என்றான். மூடியைத் திறந்தேன். தாயார் அத்தனை வருடம் முயன்றும் முடியாததை மகள் செய்து முடித்திருந்தார். வட்டிலப்பம் கத்தியால் வெட்டலாம் போல் உறைந்திருந்தது.

மிக நன்றாயிருந்தது. பெரியையாவுக்கு மட்டும் பிடித்திருக்காது. சொந்தம் விட்டுப்போயிற்று என்று கொப்பியில் எழுதி, சிவப்பு மையினால் கோடிட்டிருப்பார். அவ்வாடியில் என் மனைவி கூழ் காய்ச்சினாள். வாளி நிறைய ஊற்றி, பிலாவிலையும் ஈர்க்கும் தனியாகக் கட்டி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி நானே மாளிகாவத்தைக்குக் கொண்டுபோனேன். வாளி இவ்வருடம் அவர்கள் வீட்டில் நிற்கிறது.